அம்மா இருக்கிற குழந்தை ஏன் இல்லத்துல இருக்கு? – வாசகி கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நாங்க கோவையில ஒரு அப்பார்ட்மெண்ட்ல இருக்கோம். வருஷா வருஷம் பொண்ணு பிறந்தநாளுக்கு பக்கத்துல இருக்கிற ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு, நோட்டு, பேக் எல்லாம் கொடுப்போம். இந்த வருஷம் போனப்ப ஒரு சின்னப் பொண்ணு "ஞாயித்துக்கிழமை எங்கம்மா வருவாங்க"ன்னு என் பொண்ணுகிட்ட சொல்லிட்டிருந்துச்சு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அம்மா இருக்கிற குழந்தை ஏன் இங்க இருக்குன்னு அங்க வேலை பார்க்கிற அக்காகிட்ட கேட்டா, இங்க நிறையப் பிள்ளைங்களுக்கு அம்மா இருக்காங்க, வசதி இல்ல, அதான் அப்படின்னாங்க. நாங்க கொடுக்கிறது சரியா தப்பான்னே குழப்பமா இருக்கு. எங்க குடியிருப்புல ஒரு பத்துப் பன்னெண்டு குடும்பம் மாசாமாசம் கொஞ்சம் பணம் போட ரெடியா இருக்கோம். எதுக்குப் போடலாம்? பணம் இல்லாம வேற என்ன செய்யலாம்? பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்றது? (பேர் போட வேண்டாம் அண்ணா.)

அன்புள்ள தோழிக்கு,

நீங்க பார்த்தது எங்கயோ ஒண்ணு ரெண்டு இடத்துல நடக்கிறது இல்ல. நம்ம இல்லங்கள்ல இருக்கிற பிள்ளைங்கள்ல நிறையப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடதான் இருக்காங்க, அதுலயும் அநேகமா அம்மா. புருஷன் இறந்திருப்பான், இல்ல விட்டுட்டுப் போயிருப்பான், இல்ல குடிச்சே படுத்த படுக்கையா கிடப்பான், இவங்க சித்தாள் வேலைக்கோ மில்லுக்கோ வீட்டு வேலைக்கோ போயே ஆகணும், விடியக்காலம் கிளம்பினா பொழுது சாஞ்சுதான் வருவாங்க, பொம்பளப் பிள்ளைய லைன் வீட்டுல தனியா விட்டுட்டுப் போக பயம், அப்ப யாராவது வந்து இல்லத்துல சேர்த்தா மூணு வேளை சோறு, படிப்பு, துணி எல்லாம் ஃப்ரீன்னு சொன்னா அந்தம்மா வேற என்ன செய்வாங்க? நெஞ்சைக் கல்லாக்கிட்டு கொண்டுபோய் விட்டுடுறாங்க.

நீங்க கொடுத்தது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். அன்னைக்கு அந்தப் பிள்ளைங்க நல்லா சாப்பிட்டாங்க, அது நல்ல காரியம். ஆனா நாம எல்லாரும் சேர்ந்து கொடுக்கிற சாப்பாடு, துணி, டியூஷன், கேக்கு எல்லாமே இல்லத்து வாசல்லதான் போய் இறங்குது, அதே பிள்ளை அம்மா கூட இருந்தா அதுல ஒரு ரூபா அந்த வீட்டுக்குப் போகாது. அப்படின்னா ஒரு ஏழைத் தாய்க்கு உதவி கிடைக்கணும்னா பிள்ளையைப் பிரியணும்ங்கிற நிலைமையை நல்ல மனசோட நாமளே உண்டாக்கி வச்சிருக்கோம். எனக்கு ஆத்த முடியாத வருத்தம் இதுதான். குழந்தைகள் பராமரிப்பு, பாதுகாப்பு பத்தின 2015 இளைஞர் நீதிச் சட்டமே தெளிவா சொல்லுது, குழந்தையை இல்லத்துல வைக்கிறது எல்லா வழியும் பார்த்து முடியாத பட்சத்துல கடைசியா எடுக்கிற முடிவா இருக்கணும்னு. நடைமுறையில நிறைய வீடுகளுக்கு அதுதான் முதல் வழியா இருக்கு.

அதனால உங்க பன்னெண்டு குடும்பத்துக்கு நான் சொல்றது ஒண்ணுதான். பிள்ளை வீட்டுலேயே இருக்கிற மாதிரி அந்த வீட்டைத் தாங்குங்க.

இதுக்கு அரசாங்கப் பணமே இருக்கு, பலருக்குத் தெரியாது. மிஷன் வாத்சல்யாங்கிற மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல நிதி ஆதரவுன்னு ஒண்ணு, மாசம் 4,000 ரூபா, 18 வயசு வரைக்கும் கொடுக்கலாம். அம்மா விதவையா இருந்தாலோ கைவிடப்பட்டவங்களா இருந்தாலோ, அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாம தாத்தா பாட்டி சித்தி வளர்த்தாலோ, பெத்தவங்களுக்கு உயிர்க்கொல்லி நோயோ வேலை செய்ய முடியாத ஊனமோ இருந்தாலோ கேக்கலாம். குடும்ப வருமானம் கிராமத்துல வருஷம் 72,000, மத்த இடத்துல 96,000க்குள்ள இருக்கணும். (மாசத்துக்கு 6,000, 8,000 தான் ஆகுது பாருங்க, நாள் கூலிக்குப் போற ஒரு அம்மா ஒழுங்கா மாசம் பூரா வேலைக்குப் போனாலே தாண்டிடும், இந்த வரம்பை உயர்த்தணும்னு எல்லாரும் கேக்கணும்.) இதோட தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர்ல அன்புக் கரங்கள்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு, அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைங்களுக்கும், ஒருத்தர் இறந்து இன்னொருத்தரால பார்த்துக்க முடியாத பிள்ளைங்களுக்கும் மாசம் 2,000.

பணம் இருக்கு, அதை வாங்கிட்டு வர்ற வழிதான் இல்ல. நிதி ஆதரவுக்கு மனு எழுதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கொடுக்கணும், கூட ரேஷன் கார்டு, பிள்ளையோட ஆதார், வருமானச் சான்று, இறப்புச் சான்று, ஸ்கூல்ல போனஃபைட், பேங்க் பாஸ்புக். வருமானச் சான்றுக்கு இ-சேவையில பதிஞ்சா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு நகரணும், நடுவுல எங்கயாவது நின்னுடுச்சுன்னா நேர்ல போய் நிக்கணும். ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசும் போச்சு. ரெண்டு தடவை "நாளைக்கு வாங்க"ன்னு சொல்லிட்டா மூணாவது தடவை அந்தம்மா வரமாட்டாங்க, அவங்களால வர முடியாது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, திண்டிவனம் பக்கம். புருஷன் பெங்களூருல கட்டட வேலையில இருந்தப்ப இறந்துட்டாரு, உடம்பைக் கொண்டு வந்து ஊர்ல அடக்கம் பண்ணிட்டாங்க. சாவு எங்க நடந்துச்சோ அங்கதான் பதியணும்ங்கிறது இவங்களுக்கு யாரும் சொல்லல. ஒரு வருஷம் தாண்டிட்டா சும்மா பதிய முடியாது, அதிகாரி உத்தரவு வேணும். கன்னடம் தெரியாது, எந்த ஆஸ்பத்திரின்னு கூட சரியா தெரியாது, கூட்டிட்டுப் போன மேஸ்திரி நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இறப்புச் சான்று இல்லாததால விதவைன்னு காகிதத்துல நிரூபிக்க முடியல, அதனால எந்த உதவியும் வரல, கடைசியில ரெண்டு பொண்ணுங்களும் ரெண்டு வேற வேற இல்லத்துல. அவங்களுக்கு உதவி பண்ணணும்னு நினைச்சவங்க ஊர்ல இருந்தாங்க, அரிசி கொடுத்தாங்க, பழைய துணி கொடுத்தாங்க. பெங்களூருக்கு அவங்க கூட ஒரு தடவை போய்ட்டு வர ஒரு ஆள் கிடைக்கல. பல மாசம் கழிச்சு ஊர்ல ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார் கூடப் போனாரு, மேஸ்திரியோட ஊரைக் கண்டுபிடிச்சு ஆளைப் பிடிச்சாரு, ஆஸ்பத்திரியில பேப்பர் எடுத்தாங்க, சான்று வந்துச்சு. இப்ப பெரிய பொண்ணும் சின்னதும் அம்மா கூடத்தான் இருக்காங்க.

உங்ககிட்ட இருக்கிறது பணத்தை விட பெருசா ஒண்ணு: லீவு போட்டா சம்பளம் பிடிக்காத வேலை, ஆபீஸ்ல போய் தைரியமா பேசத் தெரிஞ்ச வாய், ஆன்லைன்ல பதியத் தெரிஞ்ச கை. பன்னெண்டு குடும்பத்துல மாசம் ஒருத்தர் ஒரு நாள் ஒதுக்கினாலே வருஷத்துக்குப் பல வீட்டோட பேப்பரை முடிச்சுடலாம். மாசாமாசம் போடுற பணத்தை, அந்தம்மா ஆபீசுக்கு வர்ற அன்னைக்கு போற கூலியை ஈடுகட்டவும் பஸ் செலவுக்கும், அரசு பணம் வர ஆரம்பிக்கிற வரைக்கும் வாடகை, மளிகைன்னு இடைவெளியை அடைக்கவும் வச்சுக்கோங்க. எந்த வீடுன்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அங்கன்வாடி டீச்சரைக் கேளுங்க, பக்கத்து அரசுப் பள்ளி தலைமை ஆசிரியரைக் கேளுங்க, எந்தப் பிள்ளை ரெண்டு வாரமா வரல, எந்தப் பிள்ளை வீட்டுல போன மாசம் சாவு விழுந்துச்சுன்னு அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். அப்படியே அந்த இல்லத்து நிர்வாகிகள்கிட்டயும் பேசிப் பாருங்க, எந்தப் பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்ப முடியும், அதுக்கு என்ன தடையா இருக்குன்னு. அனுப்புறதை, இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டத்துல இருக்கிற குழந்தைகள் நலக் குழு தான் முடிவு பண்ணும், நீங்களா பண்ணக்கூடாது, சில வீடுகள் பிள்ளைக்கு ஆபத்தான வீடு, அதையும் மறந்துடக் கூடாது.

ஊர் சேர்ந்தா என்ன ஆகும்னு நமக்கு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டியதில்ல. 1956ல காமராசர் காலத்துல மதிய உணவு ஆரம்பிச்சப்ப முதல்ல அடுப்பு எரிஞ்சது ஊர்க்காரங்க கொடுத்த அரிசியிலயும் பருப்பிலயும் தான், கல்வித்துறை இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊரா போய் மாநாடு போட்டு ஜனங்களைக் கொடுக்க வச்சாரு, அப்புறம் அரசு பணமும் சேர்ந்துச்சு. 1982ல எம்ஜிஆர் அதைப் பெருசாக்கினாரு, 2022 செப்டம்பர்ல காலை உணவு வந்துச்சு, மதுரையில ஆரம்பிச்சாங்க. இப்ப அரசுப் பள்ளியில ஒண்ணுல இருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் காலையில உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சூடா கிடைக்குது.

ஆனா ஆறாம் வகுப்புக்குப் போனா காலைச் சாப்பாடு நின்னுடுது. போன வருஷம் வரைக்கும் பசிச்ச பிள்ளைக்கு இந்த வருஷம் பசிக்காதா? அப்புறம் மே மாசம். பள்ளி லீவு, மதியச் சாப்பாடும் இல்ல காலைச் சாப்பாடும் இல்ல, அம்மா வேலைக்குப் போயிடுவாங்க, பிள்ளைங்க நேத்து வடிச்ச சோறோ பத்து ரூபா பாக்கெட்டு ஏதாவதோ தின்னுட்டு தெருவுல கிடக்கும். நம்ம பிறந்தநாள் தானமெல்லாம் எந்த மாசத்துல விழுதோ அந்த மாசத்துல கொடுக்கிறோம், யாரும் மே மாசத்தைப் பார்த்துக் கொடுக்கிறதில்ல. உங்க குடியிருப்பு ஆளுங்க ஒரே ஒரு பள்ளியோட பிள்ளைங்களுக்கு மே மாசம் பூரா மதியச் சாப்பாடு, ஒரு முட்டை, கூட ஒரு படிப்பக அறைன்னு ஏற்பாடு பண்ண முடிஞ்சா அது எவ்வளவு பெரிய காரியம்! நிதி ஆயோக் 2023ல வெளியிட்ட கணக்குல தமிழ்நாட்டுல பல்பரிமாண வறுமை (வருமானத்தை மட்டும் பார்க்காம உடல்நலம், படிப்பு, வாழ்க்கைத் தரம்னு சேர்த்து அளக்கிறது) 2.2 சதவீதம் தான், பெருமையா இருக்கு, ஆனா அந்தக் கணக்குக்கு அடிப்படையா இருந்த அதே 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல இங்க அஞ்சு வயசுக்குட்பட்ட பிள்ளைங்கள்ல நாலுல ஒண்ணு வயசுக்கேத்த உயரம் இல்ல. வறுமை இல்லன்னு சொல்ற வீட்டுக்குள்ளயும் சத்து இல்லாத தட்டு இருக்கு.

பிள்ளைங்க நம்ம கையை விட்டுப் போற இன்னொரு இடம் 14 வயசு. கட்டாயக் கல்விச் சட்டம் 6ல இருந்து 14 வரைக்கும் தான். குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2016 திருத்தத்துக்கு அப்புறம் 14க்குக் கீழ எல்லா வேலைக்கும் தடை (குடும்பத் தொழில்னு ஒரு ஓட்டையை விட்டு வச்சிருக்காங்க), 14ல இருந்து 18 வரைக்கும் ஆபத்தான தொழிலுக்கு மட்டும் தடை. ரெண்டு சட்டமும் ஒரே வயசுல கையை விடுது. சரியா அந்த வயசுலதான் உங்க பக்கத்துல பனியன் கம்பெனிக்கு கைமடிக்க (தையல்காரருக்கு உதவியா துணி மடிச்சுக் கொடுக்க) போற பையனும் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்குப் போற பொண்ணும் ஒன்பதாவது பத்தாவதோட காணாமப் போறாங்க. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரை படிச்சு காலேஜ் போனா பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 கிடைக்கும்னு ஒன்பதாவது படிக்கிற பிள்ளையோட வீட்டுல உட்கார்ந்து பேசுறதுக்கு ஒரு ஆள் வேணும். பேசுறதோட நிக்காம பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளையை விடாமப் பார்த்துக்கணும். பள்ளி மேலாண்மைக் குழுன்னு எல்லா அரசுப் பள்ளியிலயும் இருக்கு, நாலுல மூணு பங்கு பெத்தவங்க, பாதி பேர் பெண்கள், சட்டப்படி. பல ஊர்ல கையெழுத்து வாங்குறதோட சரி. உங்க குடியிருப்புக்கு வீட்டு வேலைக்கு வர்றவங்க பிள்ளைங்க எந்தப் பள்ளியில படிக்குதுன்னு கேளுங்க, குழுக் கூட்டம் நடக்கிற அன்னைக்கு அவங்க போயிட்டு வர சம்பளம் பிடிக்காம அனுப்புங்க. இதுக்கு காசே வேண்டாம்.

ஃபோட்டோ விஷயம், நீங்க கேக்கல ஆனாலும் சொல்லிடுறேன். இல்லத்துல இருக்கிற பிள்ளைங்களோட முகம் தெரியுற மாதிரி படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க. பராமரிப்பு தேவைப்படுற குழந்தையோட அடையாளத்தை வெளியிடக் கூடாதுன்னு முன்னாடி சொன்ன இளைஞர் நீதிச் சட்டத்தோட 74வது பிரிவு சொல்லுது, மீறினா ஆறு மாசம் வரை ஜெயிலோ ரெண்டு லட்சம் வரை அபராதமோ ரெண்டுமோ. சட்டத்தை விடுங்க, நாளைக்கு அந்தப் பொண்ணு காலேஜ்ல படிக்கிறப்ப யாரோ அந்தப் படத்தைக் காட்டினா அவளுக்கு எப்படி இருக்கும்?

உங்க பொண்ணுகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அந்தப் பாப்பாவுக்கு அம்மா இருக்காங்க, அவங்க கெட்ட அம்மா இல்ல, வேலைக்குப் போற நேரத்துல பிள்ளையைப் பார்த்துக்க ஆளும் வாடகைக்குக் காசும் இல்ல, அதனால பிரிஞ்சிருக்காங்க, அதைச் சரி பண்ண நாம சில ஆபீசுக்குப் போகப் போறோம்னு சொல்லுங்க. பிள்ளைங்களுக்கு இதெல்லாம் நல்லாவே புரியும். அடுத்த பிறந்தநாளுக்கு பிரியாணி கொடுக்கணும்னா கொடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி இந்த வாரமே கலெக்டர் ஆபீஸ்ல குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்க இருக்குன்னு விசாரிச்சு நிதி ஆதரவு மனு ஃபாரம் வாங்கிட்டு வந்துடுங்க. வழியில எங்கயாவது வேலை செய்ற பிள்ளையையோ ஆபத்துல இருக்கிற பிள்ளையையோ பார்த்தா குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடிங்க, ராத்திரி பகல் எப்ப வேணாலும் எடுப்பாங்க. ஃபாரத்துல எங்கயாவது சிக்கினா எனக்கு எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம்.