ரியூப் அம்ப்பும் மொடலரும் ஒரே மேடையில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் இசைக்குழுவில் இரண்டு கிற்றார். நண்பரிடம் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுள்ள 40 வாட் ரியூப் (வெற்றிடக் குழாய்) அம்ப். நான் மொடலர் (அம்ப்களின் ஓசையை இலக்க முறையில் போலச் செய்யும் கருவி) பாவிக்கிறேன். அதை 12 அங்குல முழு அதிர்வெண் வீச்சுள்ள பவர் ஸ்பீக்கர் பெட்டியில் கொடுக்கிறேன். வீட்டுப் பயிற்சியில் இருவரும் சமமாகத்தான் கேட்கிறோம். திருவிழா மேடையில் ட்றம்ஸ் தொடங்கியதும் என்னுடைய றிதம் காணாமல் போகிறது. லீட் பிறிசெற்றை (தனி வாசிப்புக்குச் சேமித்து வைத்த ஓசை அமைப்பை) மிதித்தால் காதைக் கிழிக்கிறது. என் பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது. எங்கே பிழை?
(வாசகர், குருநகர்)

பதில்: அந்த 1000 வாட்டை மறந்துவிடுங்கள். பெட்டியில் அச்சிடுவது பெரும்பாலும் கணநேர உச்ச அளவு. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. நல்ல கிற்றார் ஸ்பீக்கர் 1 வாட்டிலேயே 1 மீற்றர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை தரும். அந்தக் கணக்கில் நண்பரின் 40 வாட் 115 டெசிபலைத் தொடும். உங்கள் பெட்டியும் அந்த அளவுக்குக் குறைந்ததல்ல. பிழை வாட்டில் இல்லை, பிறிசெற்றில் இருக்கிறது.

சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸையும் (தாழ்ந்த ஒலி) ட்ரெபிளையும் (உயர்ந்த ஒலி) குறைத்தே கேட்கும். 1933 இலேயே ஒலி ஆய்வாளர்களான பிளெச்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் மெல்லிய சத்தத்தில் பிறிசெற் செய்பவர் அந்தக் குறையை நிரப்பப் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றுவார், மிட்டை (நடு ஒலி) இறக்குவார். மேடையில் அந்தத் தாழ்ந்த ஒலி பேஸ் கிற்றாருக்கும் கிக் ட்றம்முக்கும் அடியில் புதையும், ட்ரெபிள் சிம்பலோடு கலக்கும். கிற்றார் தனித்துக் கேட்க வேண்டிய இடம் மிட். அதைத்தான் நீங்கள் இறக்கி வைத்திருக்கிறீர்கள். நண்பரின் ஸ்பீக்கரோ 5000 ஹேர்ட்ஸுக்கு மேல் தானாகவே விழுந்துவிடும், மிட்டைத்தான் முன்னே தள்ளும். அதனால் அவர் ஒன்றும் செய்யாமலே கேட்கிறார்.

சமப்படுத்தும்போது ரியூப் அம்ப்தான் முதலில். அதற்கு நல்ல ஓசை வருவது வொலியூம் குமிழின் ஒரு சிறிய பகுதிக்குள் மட்டும். அதற்குக் கீழே உயிரில்லை. அதற்கு மேலே திருகினால் சத்தம் அதிகம் கூடாது, டிஸ்ரோர்ஷன்தான் (ஒலி உடைவு) கூடும். மொடலர் எந்த அளவிலும் ஒரே மாதிரி ஒலிக்கும், ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியது அதுதான். பல குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்து மாலை முழுக்க இரண்டு குமிழ்களையும் மாறிமாறித் திருகிக்கொண்டிருக்கும்.

அம்ப்பைப் போட்டு பத்து நிமிடம் வாசித்துச் சூடாக்குங்கள். ட்றம்ஸ்காரர் மேடையில் அடிக்கும் பலத்தோடு அடிக்கட்டும். (மெதுவாக அடிக்கச் சொல்லிப் பயனில்லை, நிகழ்ச்சியில் மறந்துவிடுவார்.) அதற்கு ஈடாக அம்ப் நிற்கும் இடத்தில் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை ரேப் ஒட்டிக் கோடு போடுங்கள்.

இப்போது ட்றம்ஸ் நிற்கட்டும். அம்ப்பையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2 மீற்றர் தூரத்தில், ஸ்பீக்கர்களின் உயரத்தில் ஒலியளவு மீற்றரை வைத்து சி நிறையிலும் (C weighting) மெது நிலையிலும் (Slow) போடுங்கள். போன் செயலியும் போதும்: அது காட்டும் எண் பிழையாக இருந்தாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலும் சரியாகக் காட்டும். இரண்டையும் ஒரே கிற்றாரால், ஒரே பிக்கப்பால் சோதியுங்கள். ஹம்பக்கர், சிங்கிள் கொயில் என்ற இருவகைப் பிக்கப்பும் தரும் வோல்ற்று அளவு வேறு. லூப் பெடல் இருந்தால் முப்பது செக்கன் றிதம் பதிந்து, அதே லூப்பை முதலில் அம்ப்புக்கும் பிறகு மொடலருக்கும் கொடுங்கள். கையின் பலம் மாறும் தொல்லை அதோடு தீரும்.

அம்ப் 96 காட்டினால் மொடலரும் 96 காட்ட வேண்டும். பெட்டியின் குமிழை நடுவில் விட்டுவிடுங்கள், மொடலர் கருவியின் பொது மாஸ்ரர் குமிழையும் நடுவுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். மாற்றுவது பிறிசெற்றின் கடைசியில் உள்ள வெளியீட்டு அளவை மட்டும். டிறைவ், மாஸ்ரர் என்று பிறிசெற்றின் அம்ப் மொடலுக்குள் இருப்பவற்றைத் தொட்டால் ஓசையே மாறிவிடும். கிளிப் விளக்கு (அளவு மீறியதைக் காட்டுவது) எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. 6 டெசிபல் இடம் மிச்சம் இருக்கட்டும்.

கிளீன் பிறிசெற்றில் உச்சங்கள் உயரம், சராசரி குறைவு. டிஸ்ரோர்ஷனில் உச்சம் நசுங்கிச் சராசரி ஏறியிருக்கும். மொடலரின் உச்ச விளக்கைப் பார்த்து இரண்டையும் சமப்படுத்தினால் டிஸ்ரோர்ஷன் காதில் ஓங்கும். உங்கள் லீட் காதைக் கிழிப்பதற்கு இது ஒரு காரணம். மீற்றரின் சராசரியில் சமப்படுத்தி, அதன்மேல் லீட்டுக்கு 3 டெசிபல் மட்டும் கூட்டுங்கள்.

கடைசியாக ட்றம்ஸும் பேஸும் சேரட்டும். றிதம் பிறிசெற்றில் 90 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 7000 க்கு மேலேயும் வெட்டி, கெயினை (டிஸ்ரோர்ஷனைக் கூட்டும் அளவு) மூன்றில் ஒரு பங்கு குறைத்து, 800 ஹேர்ட்ஸ் பக்கத்தில் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும். குழுவோடு கேட்டால் சரியாக இருக்கும். இந்தப் பிறிசெற்றுக்கு வேறு பெயர் கொடுத்துச் சேமியுங்கள், வீட்டில் அதைத் திருத்த வேண்டாம்.

கேள்வி: மொடலரை நாலு வயர் முறையில் அம்ப்பின் எபெக்ற் லூப்பில் (அம்ப்பின் முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் உள்ள சென்ட், றிற்றேர்ன் என்ற இரண்டு துளைகள்) கொடுத்தேன். சத்தம் திடீரென்று பாய்கிறது, உம்மென்று இரைச்சலும் வருகிறது. ஏர்த் பின்னைக் கழற்றினால் இரைச்சல் நிற்கும் என்கிறார்கள்.
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: ஏர்த் பின்னைக் கழற்றவே வேண்டாம். ரியூப் அம்ப்புக்குள் 400 வோல்ற்றுக்கு மேல் ஓடும். ஏர்த் இல்லாத அம்ப்பில் ஒரு கசிவு வந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒன்றாகப் படும் கணத்தில் உயிரே போகலாம். ஜெனரேற்றரில் நடக்கும் மேடையில் ஏர்த் கம்பி நிலத்தில் அடித்திருக்கிறதா என்பதையும் வாசிக்க முன் பாருங்கள்.

இரைச்சல் 50 ஹேர்ட்ஸ் ஏர்த் வளையம் (ஏர்த் இணைப்புகள் வளையமாகி மின்சாரத்தின் உம்மை எடுப்பது). நாலு வயரில் ஒன்று கிற்றாருக்கு, மற்ற மூன்று வயர்களால் அம்ப்பும் மொடலரும் இணைந்திருப்பதால் வருகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்ரென்ஷன் பலகையில் செருகுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அம்ப்பின் லூப்புக்கும் மொடலருக்கும் இடையே ஓடும் இரண்டு வயர்களிலும் ஒலிப் பிரிப்பு ட்ரான்ஸ்போமர் போடுங்கள்.

சத்தம் பாய்வது அளவுப் பொருத்தமின்மையால். தொழில்முறை லைன் அளவு 1.23 வோல்ற், வீட்டுச் சாதன அளவு 0.316 வோல்ற். வித்தியாசம் ஏறக்குறைய 12 டெசிபல். மொடலரின் சென்ட், றிற்றேர்ன், வெளியீடு மூன்றையும் லைனிலிருந்து இன்ஸ்ட்ருமென்ற் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு மொடலரை விலக்கி, கிற்றாரை நேரே அம்ப்பில் செருகி, லூப்பின் இரண்டு துளைகளையும் ஒரு குறு வயரால் இணைத்து மீற்றர் எண்ணைக் குறியுங்கள். மொடலரைச் சேர்த்து உள்ளே எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தாலும் அதே எண் வரவேண்டும். வராவிட்டால் முதலில் சென்ட், அடுத்து வெளியீடு என்று சரிசெய்யுங்கள். கபினெற் சிமுலேஷனை (ஸ்பீக்கர் பெட்டியின் ஓசையைப் போலச் செய்வது) மறக்காமல் நிறுத்துங்கள். கிற்றார் ஸ்பீக்கரில் அது இன்னொரு ஸ்பீக்கரை ஏற்றிய மாதிரி, போர்வைக்குள் இருந்து வரும்.

கேள்வி: ஒரே கிற்றாரைப் பிரித்து ரியூப் அம்ப்புக்கும் மொடலருக்கும் கொடுக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் ஒன்றைவிட மெலிந்து கேட்கிறது!
(வாசகர், மானிப்பாய்)

பதில்: மொடலர் ஒலியை இலக்கமாக்கித் திருப்பிக் கொடுக்கச் சில மில்லிசெக்கன் எடுக்கும். நமது 30 பாகை வெப்பத்தில் ஒலி 1 மில்லிசெக்கனில் 35 சென்ரிமீற்றர் போகும். 3 மில்லிசெக்கன் தாமதம் என்றால் மொடலர் பெட்டி ஒரு மீற்றர் பின்னால் இருப்பதுபோல் ஆகிறது. அப்போது இரண்டு ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும், முதலில் அடிபடுவது 167 ஹேர்ட்ஸ், கிட்டத்தட்ட நான்காம் கம்பியின் இரண்டாம் கட்டுச் சுரம். கிற்றாரின் உடம்பே அந்த இடத்தில்தான்.

அம்ப்புக்குப் போகும் சிக்னலையும் மொடலரின் சென்ட்டிலிருந்து எடுங்கள். தாமதம் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். முடியாவிட்டால் அம்ப்பை ஒரு மீற்றர் பின்னுக்குத் தள்ளி வையுங்கள். அடுத்து மொடலரின் முனைவை (ஒலி அலையின் மேல்கீழ்த் திசை) மாற்றிக் கீழ்க்கம்பிகளில் ஒரு கோட் வாசியுங்கள். எந்த நிலையில் பேஸ் நிறைந்து வருகிறதோ அது சரி. சில அம்ப்களில் சனலை மாற்றினாலே முனைவு புரளும், ஆகவே இரண்டு சனலிலும் சோதியுங்கள். சரியாகச் சேர்ந்ததும் மொத்தச் சத்தம் ஏறும். ஒவ்வொன்றையும் 3 டெசிபல் அளவில் இறக்குங்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து மாமா அனுப்பிய 50 வாட் ரியூப் அம்ப். பின்னால் 120 வோல்ற் என்று இருக்கிறது. மத்தியானம் சரிபார்த்த சமநிலை இரவில் மாறிவிடுகிறது.
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: 230 இலிருந்து 120 க்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று, 500 விஏ (வோல்ற்-அம்பியர்) அளவில், ஏர்த் துளையோடு வாங்குங்கள். பின்பக்கத் தகட்டில் 60 ஹேர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் அம்ப்பின் பவர் ட்ரான்ஸ்போமர் இங்கே கூடுதலாகச் சூடேறலாம். ஒரு மணித்தியாலம் வாசித்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் மின்பணியாளரிடம் காட்டுங்கள்.

இரவில் மின்னழுத்தம் 210 க்கு இறங்கினால் ரியூப் அம்ப்பின் உள் அழுத்தமும் அதே விகிதத்தில் விழும். சத்தம் குறைவது 1 டெசிபலுக்குள்தான், ஆனால் முன்கூட்டியே உடைந்து டிஸ்ரோர்ஷன் ஆகும். மொடலரின் மின்வழங்கி இதைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் உங்களுக்குச் சமநிலை மாறியதாகப் படுகிறது. அம்ப்பின் கெயினைக் கொஞ்சம் குறையுங்கள், வொலியூமைத் தொட வேண்டாம்.

கேள்வி: இரவுப் பயிற்சிக்காக ரியூப் அம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு வொலியூம் குமிழ் போடலாமா?
(வாசகர், கொக்குவில்)

பதில்: சாதாரணக் குமிழ் எரியும். அதோடு ஸ்பீக்கர் இணைப்பு அறுந்தால் வெளியீட்டு ட்ரான்ஸ்போமரும் போகலாம். அம்ப்பின் ஓம் அளவுக்கும் வாட்டுக்கும் பொருந்தும் அற்றெனுவேற்றர் (அம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைக் குறைக்கும் கருவி) வாங்குங்கள். 8 ஓம் துளையில் 8 ஓம். செலவு வேண்டாமென்றால் இரவில் மொடலரும் ஹெட்போனும் போதும்.