அங் மோ கியோவா, செங்காங்கா?

கேள்வி: சிங்கப்பூரில் அங் மோ கியோ, செங்காங் இரண்டு பேட்டைகளிலும் நாலறை மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பார்க்கிறோம். அங் மோ கியோவில் ஒன்று மலிவாக வந்திருக்கிறது. எனக்கு 32, மனைவிக்கு 30. எடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விலைக்கு முன்னால் குத்தகையைப் பாருங்கள். வீவக வீட்டுக் குத்தகை 99 ஆண்டு; அது 1980ல் தொடங்கியது என்றால் 2079ல் முடிந்துவிடும், உங்கள் மனைவிக்கு 95 வயது ஆகும்வரை அது தாங்காது என்பதால் மசேநி (மத்திய சேமநிதி) பணத்தை முழுதாக எடுக்க முடியாது, வீவக கடனும் குறையலாம், மிச்சத்தை ரொக்கமாகப் போட வேண்டிவரும். செங்காங் வீடுகள் பெரும்பாலும் புதியவை, அங்கே இந்தத் தலைவலி குறைவு.

அப்புறம், நம்மவர்கள் பலரும் கடைசி நேரத்தில் திண்டாடுவது இன ஒதுக்கீட்டில்தான், அதாவது ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்ற வரம்பில்தான். இந்தியர், பிற இனத்தவருக்கான வரம்பு அந்த புளோக்கில் நிரம்பியிருந்தால் அதே பிரிவைச் சேர்ந்தவர் விற்கும் வீட்டைத்தான் வாங்க முடியும். வீடு பார்க்கப் போகும் முன்பே வீவக இணையத்தளத்தில் சரிபார்த்துவிடுங்கள்.