பிரீ கே.ஜி., எல்.கே.ஜி.: எந்தப் பள்ளியில் சேர்ப்பது? கேள்வி பதில்

கேள்வி (மணப்பாறை): மேடம், எங்க ஊரில் மூன்று பள்ளிகள் இருக்கு. மூன்றிலும் ஏசி, கேமரா, ஆங்கில வழி. நேரில் போனால் எதைப் பார்க்கணும்?

பதில்: அட்மிஷன் மேளா நடக்கும் சனிக்கிழமையில் போகாதீங்க. வேலை நாளில் பத்தரை மணிவாக்கில், ஸ்நாக்ஸ் இடைவேளைக்குப் போங்க. டப்பா திறப்பது, கை கழுவுவது, பாத்ரூம் போவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். ஆள் போதவில்லை என்றால் அப்போது மறைக்க முடியாது. தலைகளை எண்ணுங்க. முன்பருவக் குழந்தைகளின் கல்விக்கான 2013ஆம் ஆண்டின் தேசியக் கொள்கைப்படி, 3 வயதுக்கு மேல் 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், அதற்குக் கீழே 10 பேருக்கு ஒருவர். 35 பேருக்கு ஒரு மிஸ், ஒரு ஆயா என்றால் பரவாயில்லை போலத் தோன்றும். ஆயா ஒரு குழந்தையைப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போன அடுத்த நொடி மிச்சம் 34 பேரும் மிஸ் தலையில். அந்த ஆயா எத்தனை வகுப்புக்குப் பொது என்றும் கேளுங்க.

பாத்ரூமை உள்ளே போய்ப் பார்க்கணும். கழிப்பறைக் கோப்பை குழந்தை உயரத்துக்கு இருக்கா, குழாய் கைக்கு எட்டுதா, தரை வழுக்குதா, உள்தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாதபடி இருக்கா? பள்ளியில் மதியம் வரை அடக்கிக்கொண்டு வீட்டு வாசலில் ஈரமாக்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இருட்டும் வழுக்கலும்தான் பயம். அப்படியே பின்பக்கம் போய் செப்டிக் டேங்க் மூடியையும் பாருங்க. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. குழந்தை ஒன்று தொட்டிக்குள் விழுந்து இறந்தது. துருப்பிடித்த இரும்புத் தகடு மூடியே ஆகாது. கனமான கான்கிரீட் மூடியும் சுற்றி வேலியும் வேணும்.

கட்டட உரிமம், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய நான்கு சான்றிதழ்களின் தேதியைப் பாருங்க. கும்பகோணத்தில் 2004இல் 94 குழந்தைகள் கருகியது கீற்றுக் கூரைக்குக் கீழே, குறுகிய படிக்கட்டுள்ள கட்டடத்தில். சின்ன வகுப்பு மாடியில் இருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன்.

கேள்வி (சங்கரன்கோவில்): ஒரு பள்ளியில் மாதம் 1,500தான் என்கிறார்கள். இன்னொன்றில் ஆண்டுக்கு 26,000. முதலாவதுதானே மலிவு?

பதில்: மாதக் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீங்க. ஒரு மாதிரிக் கணக்கு: 1,500 வீதம் 12 மாதம் 18,000. அட்மிஷன் 5,000, புத்தகம் 4,500, சீருடையும் ஷூவும் 2,800, ஆண்டு விழா 1,500, வேன் மாதம் 900 வீதம் பத்து மாதம் 9,000. ஆக 40,800. மற்றதில் 26,000க்குள் புத்தகமும் சீருடையும் அடங்கினால், வேனைச் சேர்த்தும் 35,000தான். ஏப்ரல், மே மாதங்களுக்கும் ஃபீஸ் உண்டா, ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது மறுபடி அட்மிஷன் ஃபீஸா, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்க. வாய்ப்பேச்சுக்கு ஜூன் மாதத்தில் மதிப்பில்லை.

கேள்வி (பழனி): போர்டில் 'மாண்டிசோரி' என்று போட்டிருக்கு. உண்மைதானா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில்: மாண்டிசோரி என்பது குழந்தை பொருள்களைத் தானே கையாண்டு கற்கும் முறை. அந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்க. இளஞ்சிவப்புக் கோபுரம் என்று 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து மரக்கட்டைகள் இருக்கும். அது திறந்த தட்டில், குழந்தை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கும்படி இருக்கணும். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தால் அது வருகிறவர்களுக்குக் காட்ட வாங்கியது. 3 முதல் 6 வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் கலந்து இருக்கணும், பிரீ கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று தனித்தனியாகப் பிரித்திருந்தால் பெயர் மட்டும்தான்.

கேள்வி (அறந்தாங்கி): பேத்திக்கு மூன்றரை வயது. ஒரு பள்ளியில் ஜூலையிலேயே ஏ முதல் இசட் வரை எழுத வைக்கிறார்கள். இன்னொன்றில் களிமண்ணும் மணி கோப்பதும்தான். முதலாவது நல்லதில்லையா?

பதில்: இல்லை ஐயா. அந்த வயதில் விரல் தசையும் மணிக்கட்டும் பென்சிலுக்குத் தயாராகியிருக்காது. வற்புறுத்தினால் பென்சிலை முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் படிந்துவிடும், பிறகு மாற்றுவது சிரமம். களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, மணி கோப்பது எல்லாம் எழுதுவதற்கான பயிற்சியே. பிறகு நேர்கோடு, சாய்கோடு, வளைவு. தமிழிலும் 'அ'வில் தொடங்கினால் சுழிகளில் குழந்தை திணறும். 'ட', 'ப' நேர்கோட்டிலேயே வந்துவிடும். பழைய மாணவர் நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்க. எல்லாப் பக்கமும் ஒரே அழகாக இருந்தால் எழுதியது மிஸ் அல்லது அம்மா.

கேள்வி (மணப்பாறை): வேன்?

பதில்: ஓட்டுநரைத் தவிர, இறக்கிவிட ஓர் உதவியாளர் கட்டாயம் வேணும். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட ஆம்னி வேன் என்றால் வாடகைக்கு ஓட்ட அனுமதியில்லாத வண்டி. முதல் ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு ஏறணும் என்றும் கேளுங்க. ஒன்பது மணி வகுப்புக்கு 7.20க்கு ஏறும் குழந்தை பத்து மணிக்குத் தூங்கிவிடும்.

கேள்வி (பழனி): பையனுக்கு ஆகஸ்ட் 12இல் மூன்று வயது முடியுது. இந்த ஆண்டே எல்.கே.ஜி. சேர்க்கலாமா? ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) வழியாகத் தனியார் பள்ளியில் இலவச இடம் கிடைக்குமா?

பதில்: ஜூலை 31க்குள் 3 முடிந்திருக்கணும், அதனால் அடுத்த ஆண்டுதான். பிறந்த தேதியை மாற்றச் சொல்லும் பள்ளி வேண்டவே வேண்டாம். ஆர்.டி.இ.யின் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு வீட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் இருக்கும் பள்ளிகளே பொருந்தும். நலிவுற்ற பிரிவில் வருமானச் சான்று 2 லட்சத்துக்குள் இருக்கணும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது கிடையாது. பின்னால் கேந்திரிய வித்யாலயா எண்ணம் இருந்தால், அங்கே ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31இல் 6 முடிந்திருக்கணும். உங்கள் பையன் யு.கே.ஜி. முடித்த கையோடு சேர முடியாது, ஓராண்டு கூடுதலாகத் திட்டமிடுங்க.