உருளைக்கிழங்கு வேரில் மஞ்சள் மணிகள்: ஸ்வர்ணா ரகம் போட்டால் நூற்புழு ஒழியுமா?

கேள்வி: ஊட்டிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் வருஷா வருஷம் குப்ரி ஜோதி உருளைக்கிழங்கு போடுகிறேன். இந்த முறை தோட்டத்தில் திட்டுத் திட்டாகச் செடி வளராமல் மஞ்சளாகி நிற்கிறது. தண்ணீர் இருந்தும் மதியத்தில் வாடுகிறது. மெதுவாகத் தோண்டிப் பார்த்தால் வேரில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளையும் மஞ்சளுமாக மணிகள் ஒட்டியிருக்கின்றன. ஸ்வர்ணா ரகம் போட்டால் புழுவே வராது என்கிறார்கள். அந்த ரகத்தின் வேருக்குள் புழு போகவே போகாதா? ஒரு முறை போட்டால் நிலம் சுத்தமாகிவிடுமா? எத்தனை வருஷம் தொடர்ந்து போடலாம்?

பதில்: நீங்கள் பார்த்த மணிகள் முட்டைக்கூட்டு நூற்புழுவின் பெண் புழுக்கள். நீலகிரியில் இதை முதலில் கண்டுபிடித்தது 1961-இல். இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்திலிருந்து வந்த ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி ஊட்டி விஜயநகரம் பகுதியில் பார்த்தார். அதனால் உங்கள் தோட்டத்துக்கு மட்டும் வந்த நோய் என்று பதற வேண்டாம். ஆனால் வருஷா வருஷம் ஜோதி போட்டு அதற்குத் தீனி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். ஸ்வர்ணா வேருக்குள்ளும் புழு போகும். முட்டைகள் மண்ணில் பழுப்பு நிறக் கூட்டுக்குள் உறங்கிக் கிடக்கின்றன. ஒரு கூட்டில் சில நூறு முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் சில பொருட்கள் பட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் பொரிக்கும். இந்தக் கசிவு ஜோதி வேரிலும் உண்டு, ஸ்வர்ணா வேரிலும் உண்டு. பொரித்து வரும் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது வேர் நுனிக்குப் பின்னால் துளைத்து உள்ளே போய்விடும். இதுவரை இரண்டு ரகத்துக்கும் ஒரே கதைதான். வித்தியாசம் உள்ளே போன பிறகுதான் தொடங்குகிறது.

ஜோதி வேரில் புழு ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து, வாயிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அதிலுள்ள புரதங்கள் செடியின் மரபணுக்களையே தனக்குச் சாதகமாக வேலை வாங்குகின்றன. எதிர்ப்புக்கான மரபணுக்கள் அடங்கிப்போகின்றன. செல்சுவரைக் கரைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. செடியே தன் செல்சுவர்களைக் கரைத்துக்கொள்ள, பக்கத்துச் செல்கள் நூற்றுக்கும் மேல் ஒன்றாகக் கலந்து ஒரே பெரிய ஊட்டச் செல்லாகிவிடும். இலை தயாரிக்கும் சத்து கிழங்குக்குப் போகாமல் அங்கே போகிறது. பெண் புழு வாரக்கணக்கில் அதே இடத்தில் உட்கார்ந்து தின்று, உருண்டையாகப் பருத்து, வேரைப் பிளந்து வெளியே தெரியும். நீங்கள் பார்த்த மணி அதுதான். அது செத்த பிறகு அதன் தோலே கெட்டியாகி அடுத்த முட்டைக்கூடு ஆகிவிடும்.

ஸ்வர்ணா போன்ற எதிர்ப்பு ரகத்தின் வேரில் இந்த வேலை பாதியில் நின்றுபோகும். செடியின் செல்லுக்குள் காவல் புரதங்கள் உண்டு. புழு செலுத்தும் புரதங்களில் ஏதாவது ஒன்றை அவை அடையாளம் கண்டுகொண்டால், ஊட்டச் செல்லைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே செத்து அதைத் தனியாக வெட்டிவிடுகின்றன. புழுவுக்குச் சாப்பாடு போய்ச் சேராது. இதில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் விஷயம் ஒன்று. இந்தப் புழு ஆணாவதும் பெண்ணாவதும் கிடைக்கும் தீனியைப் பொறுத்தது. நிறையக் கிடைத்தால் பெண், பட்டினி கிடந்தால் ஆண். அதனால் எதிர்ப்பு ரகத்தில் நுழைந்த குஞ்சுகளில் பல செத்துப்போகும், மிஞ்சியதில் பெரும்பாலானவை ஆணாகிவிடும். ஆண் முட்டையிடாது, கூடு கட்டாது. கசிவை நம்பிப் பொரித்த முட்டைகள் வீணாகின்றன. பயிரே போடாமல் நிலத்தைச் சும்மா விட்டால் புழு மெதுவாகத்தான் குறையும். எதிர்ப்பு ரகம் போட்டால் வேகமாகக் குறைவது இதனால்தான்.

அப்புறம் இந்த எதிர்ப்பு மரபணு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. 1952-இல் எல்லன்பி என்பவர் தென் அமெரிக்க மலைநாட்டு உருளைக்கிழங்கு வகைகளில் ஒற்றை எதிர்ப்பு மரபணுவைக் கண்டறிந்தார். அதற்கு எச் 1 என்று பெயர். அதை வைத்து 1966-இல் இங்கிலாந்தில் வந்த மாரிஸ் பைப்பர் ரகம் பெரும் வெற்றி. விவசாயிகள் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். இந்த நூற்புழுவில் எச் 1 தடுக்கும் தங்க நிற இனம் குறைந்தது. ஆனால் எச் 1 மரபணுவுக்குப் பிடிபடாத இன்னொரு இனம் உண்டு, வெளிர் நூற்புழு. அது அந்த வயல்களில் பெருகிவிட்டது. ரகம் கெட்டுப்போகவில்லை, வயலில் இருந்த புழு மாறிவிட்டது. இந்த அடையாளம் காணும் வேலை எவ்வளவு நுட்பமானது என்றால், வெளிர் நூற்புழுவுக்கு எதிரான ஜிபிஏ 2 என்ற மரபணுவின் புரதம், புழுவின் ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே ஏமாந்துபோகிறது.

நீலகிரியில் இரண்டு இனமுமே இருக்கின்றன, பல இடங்களில் கலந்தே இருக்கின்றன. அதனால் எச் 1 மட்டும் உள்ள ரகம் இங்கே போதாது. குப்ரி ஸ்வர்ணா 1985-இல் வெளியானது. அதன் எதிர்ப்பு அர்ஜென்டினாவின் காட்டு இனமான சொலானம் வெர்னையிலிருந்து வந்தது. ஸ்வர்ணாவின் இன்னொரு பெற்றோர் நீங்கள் போடும் ஜோதியேதான். வழக்கமான கலப்பினச் சேர்க்கை, மரபணு மாற்றப் பயிர் இல்லை, பயப்பட வேண்டாம். வெர்னை வழி வரும் எதிர்ப்பு ஒரே மரபணுவை நம்பியது இல்லை, பல சேர்ந்து வேலை செய்கின்றன, இரண்டு இனத்தையும் தாக்குகின்றன. அதனால் எளிதில் உடையாது. ஆனாலும் ஒரே ரகத்தையே போட்டுக்கொண்டிருந்தால், அதில் எப்படியோ தப்பிப் பெண்ணாகும் சில புழுக்களின் வாரிசுகள்தான் நிலத்தில் மிஞ்சும். அதனால் 'தொடர்ந்து எத்தனை வருஷம்' என்று கேட்டால், தொடர்ந்து போடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

நிலம் ஒரு போகத்தில் சுத்தமாகாது. கூட்டுக்குள் இருக்கும் முட்டை 20 ஆண்டுகூட உயிரோடு கிடக்கும். குருணை மருந்தும் வெளியே வந்த குஞ்சைத்தான் தாக்கும், கூட்டுக்குள் கிடப்பதை அசைக்காது.

இன்னொன்று, பலர் இதைக் கவனிப்பதில்லை. எதிர்ப்பு ரகம் புழுவைப் பெருக விடாது என்றுதான் அர்த்தம், சேதமே ஆகாது என்று அர்த்தம் இல்லை. மண்ணில் புழு மிக அதிகமாக இருந்தால் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் நுழைவதாலேயே ஸ்வர்ணாவின் வேரும் அடிபடும். உங்கள் தோட்டத்தின் மோசமான திட்டுகளில் நேரடியாக ஸ்வர்ணா போட்டுவிட்டு, விளைச்சல் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. இப்போதே, செடி பூக்கும் பருவத்தில், கைலென்ஸ் வைத்து மணிகளைப் பாருங்கள். வெள்ளை, பிறகு பளிச்சென்ற மஞ்சள், கடைசியில் பழுப்பு என்று மாறினால் தங்க இனம். மஞ்சளாகாமல் வெள்ளையிலிருந்து நேராகப் பழுப்பானால் வெளிர் இனம். சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். உறுதிப்படுத்த, திட்டுகளிலிருந்தும் நல்ல இடத்திலிருந்தும் மண்ணைத் தனித்தனியாக எடுத்து முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கொடுங்கள்.

இந்தப் பயிரை அறுத்ததும் அடுத்த இரண்டு போகத்துக்கு அந்த நிலத்தில் கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு என்று மாறுங்கள். இந்தப் பயிர்களில் இந்தப் புழு பிழைக்காது. தக்காளியும் கத்திரியும் உருளைக்கிழங்கின் குடும்பம், அவை வேண்டாம். அறுவடையில் விட்டுப்போன கிழங்கு தானாக முளைத்தால் உடனே பிடுங்குங்கள். பத்துச் செடி நின்றாலும் புழு பெருகும். அதற்குப் பிறகு ஸ்வர்ணா ஒரு போகம். பின்னால் வந்த குப்ரி நீலிமா, குப்ரி சஹ்யாத்ரி இரண்டும் புழு எதிர்ப்புக்காகவே வெளியானவை, ஆராய்ச்சி நிலையத்தில் விதை கிடைத்தால் மாற்றி மாற்றிப் போடலாம். விதை வாங்குவதற்கு முன் மேட்டுப்பாளையம் மண்டியில் உங்கள் கமிஷன்காரரிடம் அந்த ரகத்துக்கு விலை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரகம் நல்லதாக இருந்தும் சந்தையில் போகாவிட்டால் மறுபடி ஜோதிக்கே திரும்புவீர்கள், அது எனக்குத் தெரியும்.

இந்தத் தோட்டத்துக் கிழங்கை விதைக்காக யாருக்கும் கொடுக்கவோ விற்கவோ கூடாது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு கூடு ஊர் விட்டு ஊர் போகும். இமாச்சலத்திலும் இந்தப் புழு தெரிந்த பிறகு 2018-இல் மத்திய அரசு அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்கே தடை போட்டது. திட்டு உள்ள பகுதியில் வேலை செய்த மண்வெட்டி, கொத்து, பூட்ஸ் எல்லாவற்றையும் கழுவிய பிறகே நல்ல பகுதிக்குள் போகச் சொல்லுங்கள். உழவுக்கு வாடகை டிராக்டர் வந்தால் மோசமான திட்டைக் கடைசியாக ஓட்டச் சொல்லுங்கள்.