ரயிலில் போய் உள்ளூர் பீர் குடித்துவிட்டு அன்றே திரும்ப, ஜெர்மனியில் எந்த ஊர் நல்லது?

யோசிக்காமல் சொல்வேன், பாம்பெர்க். நியூரன்பெர்க்கில் வேலை பார்த்த நாட்களில் மாதம் ஒரு சனிக்கிழமையாவது ரயிலேறி அங்கே போய்விடுவேன். குடிக்கத்தான் போகிறோம் என்னும்போது காரை எடுப்பது தப்பு. ரீஜனல் ரயிலில் முக்கால் மணி நேரம், எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கூட்டாளிகளோடு போகிறவர்கள் பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட் வாங்குங்கள், ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். மறுநாள் அதிகாலை 3 மணி வரை கவலையில்லை. ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள், அதில் இந்த டிக்கெட் செல்லாது.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு கடைகள்: ஸ்பெட்சியால் (1536), ஃபெஸ்லா (1649). இரண்டுமே சொந்தமாகப் பீர் காய்ச்சுகிறவை. முதலில் ஸ்பெட்சியாலுக்குள் போங்கள். காரணம் இருக்கிறது.

பாம்பெர்க்கின் பெருமையே ரௌக்பியர், அதாவது புகை பீர். பீருக்கு முளைகட்டிய பார்லியை உலர்த்த வேண்டும். அந்தக் காலத்தில் விறகு நெருப்பில்தான் உலர்த்துவார்கள், புகை தானியத்தில் ஏறிவிடும். பிறகு புகை படாத சூளைகள் வந்தன, எல்லா ஊரிலும் அந்த மணம் போய்விட்டது. இந்த ஊரில் ஸ்பெட்சியாலும் ஷ்லெங்கர்லா என்ற இன்னொரு கடையும் விடவில்லை. இன்றைக்கும் பீச் மரக் கட்டையை எரித்துத் தாங்களே பார்லியை உலர்த்துகிறார்கள். விறகடுப்புக் குழம்பின் ருசி தெரிந்த நமக்கு இதன் அருமை சட்டென்று புரியும். ஸ்பெட்சியாலில் புகை லேசாக இருக்கும், நாக்கு பழகிக்கொள்ளும். அப்புறம் ஆற்றைத் தாண்டி, பேராலயத்துக்குக் கீழே இருக்கும் ஷ்லெங்கர்லாவுக்கு நடந்து போங்கள்.

அங்கே மெர்ட்சன் என்ற புகை பீரை மரப்பீப்பாயிலிருந்து அப்படியே பிடித்துத் தருவார்கள். கறுப்புக்குப் பக்கத்தில் போகிற பழுப்பு நிறம், மேலே பழுப்பேறிய நுரை. வாயருகே கொண்டு போகும்போதே புகையில் வாட்டிய இறைச்சி வாசனை மூக்கில் ஏறும். முதல் தடவை எனக்குப் பிடிக்கவில்லை, பாதியில் வைத்துவிட்டேன். அதே மேசையில் இருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், ஒரு கிளாஸை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது என்றார். அவர் பேச்சைக் கேட்டு இன்னொன்று வாங்கினேன். இரண்டாவது கிளாஸில் புகை பின்னால் போய், பார்லியின் இனிப்பு முன்னால் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். கூடவே பாம்பெர்க் வெங்காயம் என்று கேளுங்கள்: பெரிய வெங்காயத்தைக் குடைந்து, கொத்துக்கறி அடைத்து, புகை பீர் ஊற்றிய குழம்போடு வரும்.

மேசையில் இடம் இருந்தால் முன்பின் தெரியாதவர் பக்கத்திலும் உட்காரலாம், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும்.

ஒரு நாளைக்கு மூன்று கடை, அதற்கு மேல் வேண்டாம். கிளாஸ் என்றால் இங்கே அரை லிட்டர், மெர்ட்சனில் 5.1 சதவீதம் ஆல்கஹால். ஐந்து கடை ஏறி இறங்கிய நாளில் எனக்கு எந்தப் பீரின் ருசியும் நினைவில் நிற்கவில்லை. நடுவில் தண்ணீர் குடியுங்கள், நிறைய நடங்கள்.

கோடையில் போனால் மூன்றாவது கடையாக ஸ்பெட்சியால் கெல்லரை வைத்துக்கொள்ளுங்கள். கெல்லர் என்றால் நிலவறை. பீரைக் குளிர்ச்சியாக வைக்கக் குன்றைக் குடைந்து அறை செய்து, அதன் மேலே மரத்தடியில் பெஞ்சு போட்டார்கள். அதனால் அந்த ஊர்க்காரர்கள் நிலவறைக்குள் போவதாகச் சொல்வதில்லை, நிலவறை மேல் போவதாகத்தான் சொல்வார்கள். வெயில் தாழும் நேரம் அங்கே உட்கார்ந்தால் பேராலயத்தின் நான்கு கோபுரங்களும் எதிரே தெரியும். ஸ்டேஷனுக்கு இறங்கி வர மட்டும் முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.