வைட்டமின் டி மாத்திரை போட்டால் சளி பிடிக்காதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறார். ஜூனில் மழை பிடித்தால் போதும், செப்டம்பர் வரை சளி, காய்ச்சல், இருமல் என்று மாறி மாறி வரும். போன வாரம் காய்ச்சலோடு இருந்தபோது ரத்தப் பரிசோதனை செய்ததில் வைட்டமின் டி 11 என்று வந்தது. மருந்துக் கடையில் 60,000 பவர் மாத்திரை கொடுத்தார்கள். கொரோனா சமயத்தில் இதைப் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். சளி நிற்கும்வரை தினம் ஒன்று கொடுக்கலாமா? பகலெல்லாம் வெளியில் இருப்பவருக்கு இந்தச் சத்து எப்படிக் குறையும்?
– வாசகி, கம்பம்

பதில்: தினம் ஒன்று வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே அப்படிக் கொடுத்திருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், பெரும்பாலும் 8 வாரம் மட்டும் எழுதிக் கொடுப்பது. ஒரு நாளுக்குத் தேவையானது 600 யூனிட்தான். இந்த வைட்டமின் கொழுப்பில் தங்குவது. மிஞ்சியதைச் சிறுநீரில் கழித்துவிட உடம்பால் முடியாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், சிலருக்குப் புத்தித் தடுமாற்றம் எல்லாம் வரும், சிறுநீரகமும் கெடும். 'வாரம் ஒன்று' என்று சீட்டில் எழுதியதைத் தினமும் விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரியில் வந்து படுப்பவர்கள் உண்டு. அம்மாவுக்குச் சிறுநீரகக் கல் இருந்தாலோ, பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டாலோ அதை மருத்துவரிடம் சொல்லாமல் வார மாத்திரையைக்கூடத் தொடங்க வேண்டாம்.

வெளியில் வேலை செய்தும் ஏன் குறைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஏலச்செடி மர நிழலில் வளர்வது. செடிக்குக் கிடைக்காத வெயில், அதன் அடியில் குனிந்து காய் எடுப்பவருக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மழை வந்தால் அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள். தோலில் வெயில் படும் இடம் முகமும் விரல்களும்தான். அப்புறம், காலை இளவெயில் நல்லது என்று சொல்வோமே, அதில் வைட்டமின் டி அவ்வளவாக உருவாகாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் வேலை செய்யும். லீவு நாளில் பதினொரு மணி வாக்கில் கை, கால் வெயிலில் பட அரை மணி நேரம் வாசலில் உட்காரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மலையில் அதற்கும் வழியில்லை என்பதால் இப்போதைக்கு மாத்திரை தேவைதான்.

காய்ச்சல் நேரத்தில் எடுத்த ரத்தத்தில் இந்த அளவு உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். இருந்தாலும் 20-க்குக் கீழே இருந்தாலே குறைவு என்பதால், 11-ஐச் சரிசெய்யத்தான் வேண்டும். எலும்புக்காகவும் தசைக்காகவும் வேண்டும். அம்மாவிடம் இடுப்பு, தொடை வலி பற்றிக் கேட்டுப் பாருங்கள். தோட்ட வேலை என்று பொறுத்துக்கொண்டிருப்பார்.

சரி, சளிக்கு வருவோம். இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. வைட்டமின் டி கிடைத்தால் நம் நோயெதிர்ப்பு செல்கள் கத்தெலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை அதிகம் சுரக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தெரியும் விஷயம் இது. மனிதர்களிடம் பார்த்தால் பலன் சிறிதாகிவிடுகிறது. 2017-இல் 25 ஆய்வுகளில் இருந்த சுமார் 11,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குச் சுவாசத் தொற்று வந்தது. எடுத்தவர்களில் 40 பேருக்கு. அளவு மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு, தினமோ வாரமோ சீராக எடுத்தபோது பலன் கூடுதலாகத் தெரிந்தது. மொத்தமாகப் பெரிய டோஸ் கொடுத்தால் பலனே இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளையும் சேர்த்தபோது அந்தச் சிறு பலனும் இன்னும் சுருங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 60 வயது தாண்டிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு உங்கள் கையில் இருக்கும் அதே 60,000 யூனிட்டை மாதம் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சளி, காய்ச்சல் வருவது குறையவில்லை.

கொரோனா கதையும் அப்படித்தான். வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு நோய் கடுமையானது உண்மை. ஆனால் முதியவர்கள், உடல் பருத்தவர்கள், வீட்டைவிட்டு வெளியே வராத நோயாளிகள் ஆகியோருக்கு அந்த அளவு முன்பே குறைவு. நோயும் அதை இறக்கும். பிரேசிலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு ஒரே தடவையில் 2,00,000 யூனிட் கொடுத்தும் அவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. பிரிட்டனில் சுமார் 6,200 பேரிடம் நடந்த ஆய்விலும் தொற்று குறையவில்லை. உங்கள் அக்கம்பக்கத்தார் மாத்திரை போடாமலே தப்பியவர்களைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள்!

அம்மாவுக்குச் சளி எங்கே ஒட்டுகிறது என்று நான் ஊகிப்பது அந்த ஜீப்பில்தான். மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டு நெருக்கியடித்து உட்கார்ந்து மலையேறும்போது, ஒருவர் இருமினால் வண்டிக்கே பங்கு. யாராவது இருமும் நாளில் முகக்கவசம் போடச் சொல்லுங்கள். பக்கத்துப் படுதாவைக் கொஞ்சம் தூக்கிவிட்டாலும் நல்லது. மழைக்கு முன், ஏப்ரல், மே மாதத்தில், ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். காசு செலவாகும், ஆனால் ஃப்ளூவுக்கு மாத்திரையைவிட அதுவே உருப்படியான காவல்.

எனக்கு உறுத்துவது இருமல்தான். தோட்டத்தில் மருந்தடித்த நாளிலோ, காய் உலர்த்தும் ஸ்டோர் புகையிலோ அதிகமாகிறதா, இரவில் மூச்சு விசில் அடிக்கிறதா என்று கவனியுங்கள், ஆஸ்துமாவாக இருக்கலாம். இருமல் தொடர்ந்து 2 வாரம் தாண்டினால், கம்பத்திலோ மேலேயோ எந்த அரசு மருத்துவமனையிலும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். மாத்திரை 8 வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அதை முதலில் செய்துவிடுங்கள்.