தடைக்காலத்தில் இன்ஜினை நிறுத்தி வைப்பது எப்படி?

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு சும்மா நிற்கிறது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டி நிறுத்துகிறோம். ஜூனில் கடலுக்குக் கிளம்பும் முன் ஆயில் மாற்றுகிறோம். இது சரியா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இரண்டையுமே மாற்றிக்கொள்ளுங்கள். லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓடும் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே உண்டாகும் நீராவி சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில், தண்ணீராகத் தங்கும். எரியாத டீசலும் ஆயிலில் இறங்கும். அப்படி ஓட்டுவதைவிட ஓட்டாமலே விடுவது நல்லது.

ஓடிய ஆயிலில் கரி, அமிலம், ஈரம் மூன்றும் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அது பேரிங்கின் மேல் நின்றால் அரிக்காமல் விடாது. கடைசி நடை முடிந்து வந்த சூட்டோடு ஆயிலை இறக்கி, ஃபில்டரையும் மாற்றுங்கள். ஜூனில் அதே ஆயிலோடு கிளம்பலாம், கூடுதல் செலவில்லை.

அடுத்தது உப்பு. கடல்நீர் வால்வை மூடி, பம்பின் உறிஞ்சு குழாயைக் கழற்றி 200 லிட்டர் டிரம்மில் நிரப்பிய நல்ல தண்ணீரில் போட்டு, நடை முடிந்த சூடு ஆறுமுன் ஐட்லிங்கில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். புது ஆயிலும் எல்லா இடத்துக்கும் ஏறிவிடும். டிரம்மில் தண்ணீர் குறையக் குறைய ஊற்ற ஆள் வேண்டும். பம்பு வறண்டு ஓடினால் அதனுள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் கருகும். பிறகு வடிகால் பிளக்குகளைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்து, இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள். மடங்கியபடியே நின்றால் அதன் இதழ்கள் நிமிராது. உப்பு அரிப்பை இன்ஜினுக்குப் பதிலாகத் தான் வாங்கிக் கரையும் ஜிங்க் கட்டை பாதி கரைந்திருந்தால் புதிது போடுங்கள்.

டீசல் டேங்கை அரைகுறையாக விடாதீர்கள். இரவுக் குளிரில் காலியிடத்துக் காற்றின் ஈரம் துளியாகி அடியில் சேரும். அங்கே கிருமி வளர்ந்து கறுப்புச் சளியாகி ஃபில்டரை அடைக்கும். அடித்தண்ணீரைத் திறந்துவிட்டு டேங்கை நிரப்புங்கள். இரும்புப் படகில் வெல்டிங் வேலை இருந்தால் மட்டும் டேங்கைக் காலி செய்து, கழுவி, ஆவி போனபின் வேலையைத் தொடங்குங்கள்.

புகைக்குழாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் அடைத்து, 'அடைப்பை எடுக்கவும்' என்று எழுதிச் சாவியில் கட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். 12 வோல்ட் பேட்டரி 12.4க்குக் கீழ் இறங்கினால் சார்ஜ் ஏற்றவேண்டும்.

ஜூனில் இம்பெல்லர், உறிஞ்சு குழாய், வடிகால் பிளக்குகளைப் பூட்டி, வால்வைத் திறந்து, முதலில் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். இறுகினால் சிலிண்டரில் தண்ணீர் இருக்கலாம். ஸ்டார்ட்டரைத் தட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் கையால் சுற்றும் டீசல் பம்புசெட்டை எப்படி வைப்பது?
- வாசகர், பாகூர்

பதில்: ஆயிலும் டேங்கும் மேலே சொன்னபடிதான். தண்ணீரை வடித்துவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, உறிஞ்சும் வாயில் ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 மி.லி. புது இன்ஜின் ஆயில் விட்டு, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி ஐந்தாறு முறை சுற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றாதீர்கள். பிறகு லிவரை இறக்கி, கைப்பிடி கனக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருப்பதால் ஈரக்காற்று உள்ளே போகாது. சைலன்சரைத் தகர டப்பாவால் மூடுங்கள். தார்ப்பாயைத் தரைவரை இறுக்கிக் கட்டவேண்டாம். அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்ளேயே வியர்த்துத் துருப்பிடிக்கும்.